கரம்பை அள்ளலாமா, கரையைத் தொடலாமா? – வாசகர் கேள்வி பதில்

கோடையில் கண்மாய் காய்ந்து கிடக்கும் இந்த நேரத்தில் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கரம்பை எனும் கண்மாய் வண்டல், கரை, மடை, கருவேலம் பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: மூன்று ஏக்கர் செம்மண் புஞ்சை வைத்திருக்கிறேன். ஊர்க் கண்மாயில் கரம்பை மண் எடுக்க அனுமதி தருகிறார்கள். ஏக்கருக்கு எத்தனை வண்டி அடிக்கலாம்? எந்தக் கரம்பையும் நிலத்துக்கு நல்லதுதானா?
– வாசகர், திருமங்கலம் வட்டம்

அரசு விதிப்படி நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் வண்டல் கட்டணமின்றி எடுக்கலாம். ஒரு டிராக்டர் டிப்பருக்கு 3 கன மீட்டர் என்று கணக்கு. அதன்படி உங்கள் புஞ்சைக்கு ஏக்கருக்கு 30 நடை. 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி வாங்கலாம் என்பதால் அலைச்சல் குறைந்திருக்கிறது. இலவசம் என்பது மண்ணுக்கு மட்டும்தான். பொக்லைன் வாடகையும் டிராக்டர் வாடகையும் உங்கள் கையிலிருந்து போகும்.

90 கன மீட்டரை ஒரு ஏக்கரில் சமமாக இறைத்தால் கனம் 2.2 சென்டிமீட்டர்தான் வரும், அதாவது ஒரு அங்குலம்கூட இல்லை. 15 சென்டிமீட்டர் ஆழ உழவில் ஏழில் ஒரு பங்கு புதிய மண் கலக்கிறது. மணல் கலந்த செம்மண்ணுக்கு இந்த அளவே போதும், மழை ஈரம் சில நாள் கூடுதலாக நிலத்தில் நிற்கும். கையில் இருக்கும் பணம் ஒரு ஏக்கருக்கான வாடகைக்குத்தான் காணும் என்றால், மூன்று ஏக்கருக்கும் பத்துப் பத்து நடையாகத் தூவ வேண்டாம். ஒரு ஏக்கருக்கு முழு அளவு அடியுங்கள், அடுத்த கோடையில் அடுத்த ஏக்கர்.

எந்த இடத்தில் அள்ளுகிறோம் என்பதைத்தான் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் கண்மாய்க்குள் நுழையும் முகத்தில் வேகம் குறைந்தவுடன் கனமான மணலும் சரளையும் முதலில் படிந்துவிடும். நைசான களி கடைசி வரை மிதந்து வந்து மடைக்கு முன்னால் இருக்கும் ஆழப் பகுதியில்தான் படியும். வரத்துக்கால் வாயில் அள்ளினால் உங்களுக்குக் கிடைப்பது மணல் கலந்த சவுடு, கரம்பை இல்லை. கையளவு மண்ணை நனைத்துப் பிசைந்து, கட்டைவிரலால் நாடா மாதிரித் தள்ளிப் பாருங்கள். ஐந்து சென்டிமீட்டர் வரை உடையாமல் நீண்டால் களி நிறைய இருக்கிறது. சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு லிட்டர் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத் தூள் போட்டுப் பத்து நிமிடம் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் தங்குவது மணல், இரண்டு மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல், மறுநாள் வரை கலங்கி நின்று பிறகு படிவது களி.

அள்ளுமுன் மூன்று நாலு இடத்து மண்ணைக் கலந்து அரைக்கிலோ எடுத்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். கார அமில நிலை (pH) 8.5-க்கு மேலிருந்தாலோ, மின்கடத்தும் திறன் (EC) 1 dS/m-க்கு மேலிருந்தாலோ அந்த மண் வேண்டாம். கோடையில் கண்மாய்த் தரையில் வெள்ளையாகப் பூத்திருப்பதும் அதே எச்சரிக்கைதான். ஊர்ச் சாக்கடையோ சாயத் தண்ணீரோ கலக்கும் கண்மாய் மண்ணைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். கோரை அடர்ந்து கிடக்கும் இடத்தையும் விட்டுவிடுங்கள். கோரைக் கிழங்கு ஒருமுறை நிலத்துக்குள் வந்துவிட்டால், கரம்பையால் வந்த லாபம் களைக்கூலியில் போய்விடும்.

இறைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறோம். ஏக்கருக்கு 30 நடை என்றால் ஒரு நடைக்கு ஏறத்தாழ 135 சதுர மீட்டர். நெடுக்கிலும் குறுக்கிலும் 11 முதல் 12 மீட்டருக்கு ஒரு குவியல் தட்டச் சொல்லுங்கள். ஒரே மூலையில் கொட்டிவிட்டால் இழுத்துப் பரப்ப இன்னொரு வாடகை ஆகும். கறுத்து, நாற்றத்தோடு இருக்கும் அடிமண்ணைக் குறைந்தது ஒரு மாதம் வெயிலில் காயவிட வேண்டும். காற்றுப் படாத மண்ணை உடனே உழுது விதைத்தால் முதல் பயிர் வெளுத்து நிற்கும். கட்டிகளை உடைக்கக் கூலியாள் வேண்டாம். முதல் கோடை மழையில் ஊறி, பாதி காய்ந்த பதத்தில் கலப்பையை ஓட்டினால் தானாக உதிரும்.

கரிசல் நிலம் வைத்திருப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். களியின் மேல் களியைக் கொட்டினால் வடிகால்தான் கெடும். உங்களுக்குத் தொழுவுரமும் பசுந்தாளும் போதும். கரம்பையைத் தொழுவுரத்துக்கு மாற்று என்று நினைத்து எருவை நிறுத்திவிடுவதும் தவறு. அது தண்ணீரையும் உரத்தையும் பிடித்து வைக்கும், தழைச்சத்தை நிறையத் தராது.

கேள்வி: போன வருடம் எங்கள் ஊரணியில் ஆழமாகத் தூர்வாரினார்கள். முன்பெல்லாம் சித்திரை வரை தண்ணீர் கிடக்கும். இப்போது தை மாதத்திலேயே வற்றிவிட்டது. தூர்வாரினால் தண்ணீர் கூடத்தானே வேண்டும்?
– வாசகர், முதுகுளத்தூர்

பல நூறு வருடம் படிந்த களிதான் ஊரணிக்கு அடித்தோல். அதை முழுக்கச் சுரண்டி மணல் படிவம் வரை போய்விட்டார்கள். பாத்திரத்தின் அடியை ஓட்டை போட்ட கதை. கிணறுகளுக்கு ஊறும் என்று சமாதானம் சொல்லலாம். குடிநீர் ஊரணிக்கு அது பொருந்தாது.

தூர்வாருமுன் சோதனைக் குழி நாலைந்து போட்டு, களி எத்தனை அடி ஆழம் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். இரண்டு அடி களியையாவது அடியில் விட்டு மேலே உள்ளதை மட்டும் எடுக்கலாம். இப்போது செய்யக்கூடியது, மணல் தெரியும் இடங்களில் களிமண்ணை 15 சென்டிமீட்டர் கனத்துக்கு இரண்டு அடுக்காகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் நனைத்துச் சேறாக மிதிப்பது. மாடுகளை விட்டு மிதிக்கலாம், கூண்டுச் சக்கரம் பூட்டிய டிராக்டரையும் ஓட்டலாம். சேறு காய்ந்து வெடிக்குமுன் தண்ணீர் வந்து நிற்க வேண்டும். அதனால் ஆவணிக்குப் பிறகு, மழைக்குச் சற்று முன்பாகச் செய்யுங்கள்.

பாசனக் கண்மாய்க்கு இன்னொரு கணக்கும் உண்டு. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் வயலுக்கு ஏறாது. மாட்டுக்கும் மீனுக்கும் நிலத்தடிக்கும் உதவும், ஆயக்கட்டுக்கு, அதாவது கண்மாய்ப் பாசன நிலத்துக்கு, ஒரு சொட்டும் கூடுதலாகக் கிடைக்காது. கரையின் உள் அடியிலிருந்து 15 மீட்டருக்குள் தோண்டவும் கூடாது. கரைக்குப் பக்கத்தில் மண் எடுப்பது வண்டிக்காரருக்குச் சுலபம், ஆனால் அடுத்த பெருமழைக்குக் கரை உள்பக்கம் சரியும். பொக்லைன் செங்குத்தாகப் போட்ட பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் தெரியாது. ஊரில் பிள்ளைகள் மூழ்கிப் போவது இத்தகைய பள்ளங்களில்தான். ஓரங்களைச் சரிவாக இழுத்துவிட்ட பிறகே இயந்திரத்தை வெளியே விடுங்கள்.

கேள்வி: கண்மாய் நிறைந்தால் கரையின் வெளிப்புறத்தில் குமிழி விட்டுத் தண்ணீர் வருகிறது. களிமண் மூட்டை வைத்து அடைத்தோம். இரண்டு அடி தள்ளி வேறு இடத்தில் கிளம்பிவிட்டது. என்ன செய்வது?
– வாசகர், மானாமதுரை

அடைக்க வேண்டிய பக்கத்தை விட்டுவிட்டு வெளியேறும் பக்கத்தை அடைத்துவிட்டீர்கள். உள்ளே அழுத்தம் அப்படியே இருக்கும்போது வாயை மூடினால், தண்ணீர் கரைக்குள்ளேயே புது வழி தேடும்.

முதலில் ஊற்றுத் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துக் கால் மணி நேரம் வையுங்கள். அடியில் மண் படியாமல் தெளிவாக இருந்தால் அது வெறும் கசிவு. கண்காணித்தால் போதும். கலங்கலாக வந்தாலோ டம்ளரில் மண் தங்கினாலோ கரை உள்ளிருந்து கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இரவென்றும் பார்க்காமல் ஊரைக் கூட்ட வேண்டியதுதான். நீர்வளத் துறைக்கோ ஒன்றியப் பொறியாளருக்கோ தகவல் சொல்வதோடு, கரைக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

ஊற்றைச் சுற்றி ஒன்று, ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு மணல் மூட்டைகளை வளையமாக அடுக்குங்கள். வளையத்துக்குள் அரை அடி பெருமணல், அதன்மேல் அரை அடி சரளை. வளையத்துக்குள் தண்ணீர் ஏற ஏற எதிரழுத்தம் கூடும், மண் வருவது நிற்கும். தண்ணீரும் நிற்கும் வரை மூட்டையை உயர்த்திக்கொண்டே போகாதீர்கள். தெளிந்த தண்ணீர் வளையத்தைத் தாண்டி வழிய வேண்டும், அதுதான் சரியான உயரம்.

பிறகு உள்பக்கம் தண்ணீர் புகும் துளையைத் தேடுங்கள். கரையோரத்தில் உமியைத் தூவினால் அது சுழன்று உள்ளே போகும் இடம் தெரியும். இரவானால் டார்ச் வெளிச்சம் வேண்டும். அந்த இடத்தில் வைக்கோல் பிரியும் களிமண் மூட்டையும் இறக்கி, தார்ப்பாயின் ஓரங்களில் மண் மூட்டை கட்டி மேலே போர்த்தினால் தண்ணீரின் இழுப்பே பாயைத் துளையோடு ஒட்டவைத்துவிடும். அதே நேரம் எல்லா மடைகளையும் திறந்து மட்டத்தைக் குறையுங்கள். யோசிக்காமல் கரையை வெட்டிவிடுவது நிறைய ஊர்களில் நடக்கிறது. வெட்டின வாயை அப்புறம் யாராலும் கட்டுப்படுத்த முடியாது.

கோடையில் நிரந்தர வேலை. துளை ஓடிய வழி முழுவதையும் தோண்டித் திறந்து, களி கலந்த மண்ணை 15 சென்டிமீட்டர் அடுக்குகளாகப் போட்டு இடிக்க வேண்டும். மண்ணின் ஈரம் முக்கியம். பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், கையில் ஒட்டக்கூடாது. காய்ந்த மண்ணை லாரியில் கொண்டுவந்து கொட்டி மேலே சமப்படுத்திவிட்டுப் போவது வேலையே இல்லை.

துளைக்குக் காரணம் நண்டு வளை, எலி வளை, கரையான், பட்டுப்போன மரத்தின் வேர் மக்கிய குழாய் என்று பலவாக இருக்கலாம். ஆனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் மடைக் கட்டுமானமும் மண்ணும் சேரும் பொருத்து. புது மடை கட்டும்போது செங்கல், சிமென்ட் வேலை பளிச்சென்று இருக்கும். அதைச் சுற்றி ஒன்றரை அடி களிமண் பிசைந்து இடித்தார்களா என்பதை ஆயக்கட்டுதாரர்கள் நின்று பார்த்தால்தான் உண்டு.

இன்னொன்று. தண்ணீர் கூடுதலாகத் தேங்கட்டும் என்று, உபரி நீர் வெளியேறும் கலுங்கின் மேல் மணல் மூட்டை அடுக்கும் பழக்கத்தை விடுங்கள். பழைய கலுங்குகளில் வரிசையாகக் குத்துக்கல் நட்டிருப்பது பருவமழை ஓய்ந்த பிறகு இடையில் மண்ணும் புல்லும் வைத்து அடைக்கத்தான். ஐப்பசி, கார்த்திகையில் அடைத்தால் உபரி நீர் கரையின் தாழ்ந்த இடத்தில் வழியும். மண் கரையின் மேல் தண்ணீர் வழிந்தால் அது சில மணி நேரம்கூடத் தாங்காது. டிராக்டர் ஏறி இறங்கும் தடம்தான் அந்தத் தாழ்ந்த இடம், அதை இப்போதே மேடாக்கி வையுங்கள்.

கேள்வி: சீமைக் கருவேலத்தை ஒவ்வொரு வருடமும் வெட்டுகிறோம். முன்னைவிட அடர்ந்து முளைக்கிறது. ஒழிக்க வழி உண்டா?
– வாசகர், சாயல்குடி

வெட்டுவதால்தான் அடர்கிறது. இதன் துளிர்க்கும் மொட்டுகள் தரைக்குச் சற்றுக் கீழே, வேரும் தண்டும் சேரும் கழுத்தில் இருக்கின்றன. தரை மட்டத்தில் வெட்டினால் ஒரு தண்டு இருந்த இடத்தில் பத்துத் தண்டு வரும். ஒரு அடி ஆழத்துக்குக் கீழே கழுத்தோடு பெயர்த்தெடுக்க வேண்டும். ஆணிவேர் முழுதும் வர வேண்டியதில்லை. கழுத்துப் போய்விட்டால் மீதி வேர் துளிர்க்காது. மண் ஈரமாக இருக்கும்போது பொக்லைனில் பெயர்ப்பது எளிது, கட்டாந்தரையில் இழுத்தால் கழுத்துக்கு மேலே முறிந்துவிடும்.

அடுத்தது விதை. ஆடு, மாடு நெற்றைத் தின்றால் விதை சாகாமல் சாணத்தோடும் புழுக்கையோடும் வெளியேறி, எருவும் சேர்ந்து முளைக்கிறது. நெற்று பழுத்து விழுமுன் மரத்தைப் பெயர்க்க முடியாவிட்டால், நெற்றைப் பொறுக்கி விதையோடு சேர்த்து மாவாக அரைத்துத் தீவனத்தில் கலக்கலாம். முழு நெற்றாகப் போடாதீர்கள். பெயர்த்த இடத்தில் முதல் மழைக்குப் பின் நூற்றுக்கணக்கில் நாற்று வரும். விரல் உயரத்தில் கையால் பிடுங்கிவிடலாம், முழங்கால் உயரம் வந்தால் கடப்பாரை வேண்டும். இரண்டு வருடம் மழைக்குப் பின் இந்தப் பிடுங்கல் இல்லாமல் இயந்திரத்துக்குக் கொடுத்த பணம் வீண். ஒப்பந்தத்தில் பெயர்ப்பதற்குப் பணம் இருக்கும், பிடுங்குவதற்கு இருக்காது. அதை ஊர்க்கூட்டத்திலேயே பேசி முடிவு செய்யுங்கள்.

கரை மேல் நிற்கும் பெரிய மரத்தை மட்டும் மழைக்காலத்தில் தொடாதீர்கள். பெயர்த்த குழி கரையில் ஓட்டை. கோடையில் எடுத்து, மேலே சொன்னபடி அடுக்கடுக்காக இடித்து மூடுங்கள்.

உங்கள் பக்கத்தில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைய. ஒரே வீச்சில் எல்லாவற்றையும் ஒழித்தால் அவர்கள் வயிற்றில் அடிப்பதாகும். கண்மாய் உள்வாய் (தண்ணீர் நிற்கும் உட்பகுதி), வரத்துக்கால் இரண்டையும் முதலில் எடுத்துக்கொண்டு, தரிசு நிலத்து மரத்தைப் பகுதி பகுதியாக அவர்களுக்கே வெட்டக் கொடுப்பது நியாயமாக இருக்கும். கண்மாய்க்குள் நிற்கும் மரங்களில் பறவைக் கூடு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பக்கம், கொள்ளுகுடிப்பட்டியில் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடியே போடாமல் இருக்கிறார்கள். கூடு கலையும் வரை காத்திருப்பது அதைவிடச் சின்ன காரியம். காலி செய்த உள்வாயில் நாட்டுக் கருவேலை நட்டால் மாதக்கணக்கில் தண்ணீர் நின்றாலும் தாங்கும். சும்மா விட்ட இடத்துக்குச் சீமைக் கருவேலம்தான் திரும்பி வரும்.

கேள்வி: கரையில் பனை விதை நடலாமா? எப்படி?
– வாசகர், விளாத்திகுளம்

நடலாம். கரையின் உச்சியில் வேண்டாம், வெளிச்சரிவின் அடியை ஒட்டி நடுங்கள். பழுத்து விழுந்த பழத்தின் கொட்டையை ஆவணி, புரட்டாசியில் அரை அடி ஆழத்தில் படுக்கைவாக்கில் வைத்து மூடினால் போதும். பத்தடிக்கு ஒன்று. இதன் வேர் நார் நாராக இறங்கும், ஆலமரம் மாதிரி கரையைப் பிளக்காது. நட்டுப் படம் எடுத்துக்கொண்ட பிறகு ஆட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பதுதான் முக்கியம், முதல் இரண்டு வருட ஓலையை ஆடு கடித்துவிடும்.

கேள்வி: எங்கள் கண்மாய்க்கு 100 ஏக்கர் ஆயக்கட்டு. தையில் தண்ணீர் குறைந்ததும் தலைமடைக்காரர்கள் தேக்கி வைத்துக்கொள்கிறார்கள். கடைமடை காய்கிறது. எல்லோருக்கும் பயிர் கைக்கு வர என்ன வழி?
– வாசகர், பரமக்குடி

சண்டைக்குப் போகுமுன் கண்மாயில் எத்தனை நாள் தண்ணீர் இருக்கிறது என்று எல்லோரும் சேர்ந்து கணக்குப் பார்த்துவிடுங்கள். அளவு தெரியாததால்தான் ஆளாளுக்குப் பயந்து தேக்குகிறார்கள்.

தண்ணீர் பரவி நிற்கும் பரப்பு, மடையருகே உள்ள அதிகபட்ச ஆழம், இரண்டையும் பெருக்கி 0.4-ஆல் பெருக்கினால் கொள்ளளவு ஏறத்தாழக் கிடைக்கும். உதாரணமாக 12 ஹெக்டேர் பரப்பில் தண்ணீர், மடையடி மட்டத்துக்கு மேல் ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் 1,20,000 × 1.5 × 0.4 = 72,000 கன மீட்டர். நெல் வயலுக்குக் கசிவையும் சேர்த்து நாளொன்றுக்கு 10 மில்லிமீட்டர் என்று வைத்தால் ஏக்கருக்கு 40 கன மீட்டர், 100 ஏக்கருக்கு 4,000. வெயிலில் ஆவியாவது 5 மில்லிமீட்டர் என்றால் அது ஒரு 600. ஆக 72,000 கன மீட்டர் தண்ணீர் பதினைந்து நாளைக்குத்தான் வரும். அறுவடைக்கு 35 நாள் இருக்கிறதென்றால், எல்லா வயலிலும் தேக்கினால் யாருக்கும் நெல் வராது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

இனி தேக்கிக் கட்டுவதை விட்டுக் காயவிட்டுப் பாய்ச்சுங்கள். 30 சென்டிமீட்டர் நீளப் பி.வி.சி. குழாய் ஒன்றில் கீழ்ப்பாதி முழுக்கத் துளை போட்டு, அந்தப் பாதியை வயலில் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணைத் தோண்டி எடுத்துவிடுங்கள். குழாய்க்குள் தண்ணீர் தரைமட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே இறங்கியதும் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சினால் போதும். மேலே மண் காய்ந்து மயிரிழை வெடிப்பு விட்டாலும் வேருக்கு எட்டும் இடத்தில் ஈரம் இருக்கும். பூக்கும் தருணத்தில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது, ஒரு வாரம் முன்னும் பின்னும் தண்ணீர் நிற்க வேண்டும். அந்தச் சமயத்தில் காய்ந்தால் பதர்தான். நடவு முன்பின் ஆனதால் எந்த வயல் எப்போது பூக்கும் என்று, ஊருக்காகத் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டியிடம் ஒரு பட்டியல் இருக்கட்டும்.

முறை வைக்கும்போது கடைமடையிலிருந்து தொடங்குங்கள். நியாயத்துக்காக மட்டும் சொல்லவில்லை. காய்ந்த வாய்க்கால் முதல் தண்ணீரைக் குடித்துவிடும். ஒருமுறை கடைசி வரை ஓடி வாய்க்கால் முழுக்க நனைந்துவிட்டால் பிறகு தலைமடைக்குக் கொஞ்ச நேரத்தில் பாய்ந்துவிடும். தலைமடையில் தொடங்கினால் ஒவ்வொரு முறையும் கடைப்பகுதி வாய்க்கால் காய்ந்து கிடந்து, அதே இழப்பு திரும்பத் திரும்ப வரும். இரவு முறை யாருக்கு என்பதிலும் சுழற்சி வேண்டும். ஒரே ஆளுக்கு எப்போதும் நள்ளிரவு வந்தால் அவர் ஒருநாள் மடையை மாற்றி வெட்டத்தான் செய்வார்.

நீர்க்கட்டி இல்லாத ஊரில் இதெல்லாம் காகிதத்தோடு நிற்கும். மடைக்குடும்பர், நீர்ப்பாய்ச்சி என்று ஊருக்கு ஒரு பெயர் உண்டு. முன்பு ஏக்கருக்கு இத்தனை மரக்கால் நெல் என்று களத்திலேயே அளந்தார்கள். இப்போது கூலி நிலுவையில் நிற்பதால்தான் அந்த வேலைக்கு ஆள் வருவதில்லை. அறுவடைக்குப் பின் தருகிறோம் என்று சொல்லாமல் நடவு முடிந்ததும் பாதியைக் கொடுத்துவிடுங்கள். அவருக்குச் சொந்தமாக ஆயக்கட்டில் நிலம் இல்லாமல் இருப்பது நல்லது.

கேள்வி: பாசனச் சங்கத்தில் மீன் குத்தகைப் பணம் வருகிறது. கணக்குக் கேட்டால் சண்டை வருகிறது. எப்படிச் சீர்செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

இந்தச் சண்டை ஆயிரம் வருடப் பழசு. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் ஆறு பேரைத் தேர்ந்தெடுக்கும் விதி இருக்கிறது, பதவி 360 நாள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்களின் நெருங்கிய உறவினர்களும் ஓலையில் பெயர் எழுதத் தகுதியில்லாதவர்கள் என்று கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். அன்றைக்கும் கணக்குக் காட்டாத ஆள் இருந்திருக்கிறார் என்றுதானே பொருள்!

ஆளைக் குற்றம் சொல்லித் தொடங்கினால் முடியாது, முறையை மாற்றுங்கள். மீன் குத்தகை ஏலத்தைக் கோயில் வாசலிலோ ஊராட்சி அலுவலகத்திலோ, ஒரு வாரம் முன்பே தண்டோரா போட்டு நடத்துங்கள். பணம் நேராக வங்கிக் கணக்குக்குப் போகட்டும், எடுக்க மூன்று பேர் கையெழுத்து. அதில் ஒருவர் கடைமடைக்காரர். வரவையும் செலவையும் மடைச் சுவரில் பெயின்டில் எழுதிவிடுங்கள். ரசீதுக் கட்டைவிட அதற்குப் பலன் அதிகம், தண்ணீர் பாய்ச்ச வருகிற எல்லோரும் படிப்பார்கள். கூடவே சங்கத்தில் ஓட்டு யாருக்கு என்றும் கவனியுங்கள். பட்டா ஆண் பெயரில் இருந்து, பயிர் வேலை முழுக்கப் பெண் பார்க்கிற வீடுகள் நிறைய. விளைச்சலில் பங்குக்கு (வாரத்துக்கு) உழுபவர்களும் அப்படித்தான். தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரிந்தவர்கள் கூட்டத்துக்கு வெளியே நின்றால் தீர்மானம் தப்பாகத்தான் வரும்.

வரத்துக்கால் ஆக்கிரமிப்பு பற்றியும் எழுதியிருந்தீர்கள். வாய்மொழியாகச் சண்டை போட வேண்டாம். நில அளவைப் புலப்படமும், நில விவரம் இருக்கும் அ-பதிவேட்டு நகலும் வாங்கி, அளந்து தரச் சொல்லி மனுக் கொடுத்து, கிராம சபையில் தீர்மானமாகவும் பதியுங்கள். ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இருக்கிறது. ஊர்ப் பொது நிலத்தை ஆக்கிரமித்தவர்களுக்கே முறைப்படுத்திக் கொடுப்பதை 2011-ல் உச்ச நீதிமன்றமும் கண்டித்திருக்கிறது.

கேள்வி: வயலுக்கு எருவாக இரவில் ஆடுகளை அடைக்கும் ஆட்டுக்கிடை போட எத்தனை ஆடு, எத்தனை இரவு வேண்டும்?
– வாசகர், பேராவூரணி

ஒரு ஆட்டுக்கு ஒரு சதுர மீட்டர் என்று பட்டி அடைத்தால் ஆயிரம் ஆடு 25 சென்ட் பிடிக்கும். ஆக ஒரு ஏக்கருக்கு நாலு இரவு, தினமும் பட்டியை நகர்த்தி அடைக்க வேண்டும். நிலத்துக்குச் சத்து புழுக்கையில் மட்டும் இல்லை, மூத்திரத்திலும் இருக்கிறது. காலையில் ஆடு கிளம்பியதும் லேசாக ஒரு உழவு ஓட்டி மண்ணை மூடிவிடுங்கள். மூக்கைத் துளைக்கிற அந்த வாடைதான் காற்றில் போகிற தழைச்சத்து. நாலு நாளும் முடியட்டும், மொத்தமாக உழுகிறேன் என்றால் பாதி போய்விடும்.

கிடை ஆடு மேய்க்கும் கீதாரிகள் அறுவடை முடிந்த வயலைத் தேடி இராமநாதபுரம் பக்கமிருந்து டெல்டா வரை நடக்கிறவர்கள். அவர்களுக்குக் கிடைக் கூலியோடு குடிதண்ணீரும், அந்த வாரம் பூச்சிமருந்து அடிக்காத அண்டை வயலும் தேவை. மருந்து தெளித்த வயல் எது என்று வந்த அன்றே சொல்லிவிட வேண்டும். ஒரு கிடை ஆடு செத்தால் அந்த ஊருக்கு மறுவருடம் கிடை வராது.

கேள்வி: பசுந்தாளுரத்துக்காகக் கொழிஞ்சி விதைத்தேன். கால்வாசிகூட முளைக்கவில்லை. விதை கெட்டதா?
– வாசகர், மணப்பாறை

விதை கெடவில்லை, தோல் கெட்டி. விதையோடு சம அளவு பெருமணல் சேர்த்து உரலில் லேசாக இடித்து, தோலில் கீறல் விழச் செய்து விதைக்க வேண்டும். பருப்பு உடையும்படி குத்திவிடக்கூடாது. ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ போதும். தக்கைப்பூண்டு என்றால் 20 கிலோ வேண்டும். தக்கைப்பூண்டைப் போல 45 நாளில் மடக்கி உழ முடியாது, கொழிஞ்சி மெதுவாக வளரும், 60 நாளாவது விடுங்கள். மாடு இதை விரும்பித் தின்னாது என்பதால் வேலி இல்லாத புஞ்சைக்கு இதைவிடத் தோதான பசுந்தாள் கிடையாது. ஒரு மூலையில் பத்துச் செடியை உழாமல் காய்க்க விட்டால் அடுத்த வருடம் தானே முளைக்கும். போன வருடம் முளைக்காமல் கிடந்த உங்கள் விதையும் இந்த மழைக்குக் கொஞ்சம் எழும். அதைப் பார்த்துவிட்டுப் புது விதை வாங்குங்கள்.